கோல்ஃப் கடை மூடினால் மங்கலத்தில் என்ன ஆகும்?

அத்தியாயம் 7

கோல்ஃப் ஆடுகிறவர் திருப்பூரை அடுத்த நம் மங்கலத்தில் யாராவது இருக்கிறார்களா என்று விசாரித்தால் நேரம்தான் வீணாகும். பக்கத்தில் உள்ள மைதானம் கோவை செட்டிபாளையத்தில். அதைத் தாண்டினால் ஊட்டி, கொடைக்கானல். ஆனாலும் அந்த ஆட்டத்துக்கான சட்டை நம் பவர் டேபிள்களில் ஓடுகிறது. பெரும்பாலான கோல்ஃப் கிளப்புகளில் காலர் இல்லாத சட்டையோடு வந்தால் உள்ளே விடமாட்டார்கள். ஆகவே மட்டை வாங்குகிறவர் போலோ டி-சர்ட்டும் வாங்கித்தான் தீர வேண்டும். கோல்ஃப் கடைக்காரருக்கும் மட்டையைவிடச் சட்டையில்தான் லாபம் அதிகம்.

இந்த அத்தியாயம் இரண்டு பேருக்காக. ஒருவர் 30, 40 மெஷின் வைத்துக்கொண்டு இப்போதுதான் நேரடி ஏற்றுமதியில் இறங்கியவர். கண்காட்சியிலோ பையிங் ஹவுஸ் மூலமோ கோல்ஃப், ஓட்டம், மீன்பிடிப்பு என்று ஒரே துறைக்கான சரக்கை விற்கும் கடைக்காரர் ஒருவர் அவருக்குப் பையராகக் கிடைத்திருக்கிறார். இன்னொருவர் அந்த ஏற்றுமதியாளரிடம் ஜாப் ஒர்க் எடுத்துத் தைத்துக் கொடுப்பவர்.

சிறப்புக் கடைக்காரர்களை நமக்குப் பிடிக்கும். பெரிய சூப்பர் மார்க்கெட் பையரைப் போல ஐந்து சென்ட்டுக்கு ஐந்து நாள் பேச மாட்டார்கள். விலை கொஞ்சம் கூட வரும். ஆர்டர் அளவு சிறியது என்பதால் 40 மெஷினுக்குக் கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் விழும்போது இவர்கள் சீக்கிரம் விழுவார்கள். ஒரே ஒரு வகைச் சரக்கை நம்பி நிற்கும் கடைக்கு அந்தச் சரக்கு சறுக்கினால் பிடித்துக்கொள்ள வேறு எதுவும் கிடையாது. 90 நாள் கடனில் சரக்கு அனுப்பிய நிமிடத்திலிருந்து நீங்கள் பனியன் விற்பவர் மட்டுமல்ல, அந்தக் கடைக்குக் கடன் கொடுத்தவரும்கூட. கடன் கொடுப்பவர் கேட்கிற கேள்விகளைக் கேட்கத் தெரியாமல் இந்த வகை பையரிடம் போகக் கூடாது என்பதே என் கட்சி.

அந்தக் கடைகள் ஏன் மூழ்கின

கோல்ஃப்ஸ்மித் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள். 1967-ல் அமெரிக்காவின் நியூஜெர்சியில் கார்ல் பால் என்பவர் மட்டை செய்வதற்கான உதிரிபாகங்களை வீட்டிலிருந்தே தபாலில் விற்கத் தொடங்கினார். பிறகு டெக்சாஸின் ஆஸ்டினுக்கு இடம்பெயர்ந்து கடை மேல் கடையாக வளர்ந்தது அந்த வியாபாரம். 2006-ல் பங்குச் சந்தைக்கு வந்தது. 2012-ல் ஓமர்ஸ் என்ற கனடா ஓய்வூதிய நிதியின் முதலீட்டுப் பிரிவு அதை வாங்கி, ஏற்கெனவே தன்னிடம் இருந்த கோல்ஃப் டவுன் கடைகளோடு சேர்த்தது. 2016 செப்டம்பர் 14 அன்று, அமெரிக்காவில் நூறுக்கும் மேற்பட்ட கடைகளோடு, திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. அடுத்த மாதமே ஏலம். விளையாட்டுப் பொருள் கடைச் சங்கிலியான டிக்ஸ் ஸ்போர்ட்டிங் குட்ஸ் ஏறத்தாழ 7 கோடி டாலருக்கு எடுத்தது. சுமார் 30 கடைகள் தப்பின. மற்றவற்றில் சரக்கைத் தள்ளுபடியில் விற்றுத் தீர்த்துவிட்டு ஷட்டரை இறக்கினார்கள். கனடாக் கடைகளை அந்நாட்டு முதலீட்டாளர்கள் காப்பாற்றிக்கொண்டார்கள்.

இது தனிக் கதை அல்ல. புளோரிடாவில் 1968-ல் தொடங்கிய எட்வின் வாட்ஸ் கோல்ஃப் 2013-லேயே இதே வாசலுக்குப் போயிருந்தது. 2014-ல் டிக்ஸ் தன் கடைகளின் கோல்ஃப் பிரிவில் இருந்த பயிற்சியாளர்கள் ஏறத்தாழ 500 பேரை ஒரே சமயத்தில் வீட்டுக்கு அனுப்பியது. 2016 ஆகஸ்டில் நைக்கி கோல்ஃப் மட்டை, பந்து, பை தயாரிப்பதையே விட்டது. சட்டையையும் ஷூவையும் மட்டும் விடவில்லை. நமக்கு அதில் ஒரு சேதி இருக்கிறது.

காரணங்களில் முதலாவது, ஆட்டக்காரர்கள் குறைந்தது. டைகர் உட்ஸ் உச்சத்தில் இருந்த காலத்தில் அமெரிக்காவில் 3 கோடிப் பேர் ஆடினார்கள். பத்தாண்டுக்குள் அது சுமார் 2.4 கோடியானது. ஆனால் கூட்டம் அதே அளவில் வரும் என்று நம்பித்தான் பிரம்மாண்டமான கடைகளுக்குப் பல வருட வாடகை ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். கூட்டம் குறைந்தாலும் வாடகை குறையாது.

அடுத்தது மட்டையின் சுபாவம். நல்ல மட்டை பல வருடம் உழைக்கும், ஆகவே திரும்ப வாங்க ஆள் சீக்கிரம் வரமாட்டார். இதைச் சரிக்கட்ட கம்பெனிகள் வருடத்துக்கு ஒன்றுக்கு மேல் புது மாடல் இறக்கின. புதியது வந்ததும் கடையில் கிடக்கும் பழையதன் விலை சரியும், செல்போனுக்கு நடப்பதேதான். விற்காத மட்டையில் முடங்கிய பணம் கடைக்காரரின் கழுத்தை நெரித்தது. இதற்கு நடுவே வாடிக்கையாளர் கடைக்கு வந்து அரை மணி நேரம் மட்டையைச் சுழற்றிப் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போய் இணையத்தில் வாங்கினார். வட மாநிலங்களில் பனி விழுந்தால் நான்கைந்து மாதம் மைதானமே கிடையாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதலீட்டு நிதிகள் கடைகளைக் கடனில் வாங்கி, அந்தக் கடனைக் கடையின் தலையிலேயே கட்டியதும் இன்னொரு காரணம். வியாபாரம் சுமாராக இருந்தாலும் வட்டி சுமாராக இருக்காது.

மட்டையில் பணம் சுருங்கச் சுருங்கக் கடைக்காரர் சட்டைப் பக்கம் சாய்வார். உங்களுக்கு வரும் ஆர்டர் திடீரென்று பெரிதாவதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். பையர் வளர்கிறார் என்று நாம் சந்தோஷப்படும் நேரத்தில் அவர் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருப்பார்.

அதற்காகக் கோல்ஃப் என்றாலே ஓட வேண்டாம். கொரோனாவுக்குப் பிறகு ஆட்டக்காரர் எண்ணிக்கை மறுபடி ஏறி, 2024-ல் 2.8 கோடியை எட்டியது. பிஜிஏ டூர் சூப்பர்ஸ்டோர் போன்ற சங்கிலிகள் இன்றும் புதுக் கடை திறக்கின்றன. மூழ்கியது ஆட்டம் அல்ல, ஒரு விதமான கடை. உங்கள் பையர் எந்த விதம் என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

பி.ஓ. வருவதற்கு முன் பார்க்க வேண்டியது

பங்குச் சந்தையில் உள்ள அமெரிக்கக் கம்பெனி என்றால் வேலை எளிது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கை வெளியிட்டாக வேண்டும், யாரும் காசில்லாமல் பார்க்கலாம். உங்கள் ஆடிட்டர் அலுவலகப் பையனே இறக்கித் தருவான். அதில் இரண்டு எண்களைப் பாருங்கள்: விற்பனை போன வருடத்தைவிட எவ்வளவு ஏறியது, கையிருப்புச் சரக்கு எவ்வளவு ஏறியது. விற்பனை 2 சதவீதம் ஏறி, சரக்கு 15 சதவீதம் ஏறியிருந்தால் கிடங்கு நிறைந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். அடுத்து வருவது தள்ளுபடியோ ஆர்டர் ரத்தோ.

பிரிட்டன் கம்பெனி என்றால் பங்குச் சந்தையில் இல்லாவிட்டாலும் ஆண்டுக் கணக்கைக் கம்பெனிகள் பதிவகத்தில் இலவசமாகப் பார்க்கலாம். கஷ்டம் அமெரிக்காவின் தனியார் கம்பெனிகளோடுதான். கோல்ஃப்ஸ்மித்தும் 2012 வரை கண்ணாடிக்குள் தெரிந்தது, அதற்குப் பிறகு திரை விழுந்துவிட்டது. இங்கே இரண்டு வழி உண்டு: டன் அண்ட் பிராட்ஸ்ட்ரீட் போன்ற நிறுவனத்திடம் காசு கொடுத்து அறிக்கை வாங்குவது, அல்லது ஏற்றுமதிக் கடனுக்குக் காப்பீடு தரும் இ.சி.ஜி.சி.யிடம் அந்த பையருக்குக் கடன் வரம்பு கேட்பது. இரண்டாவதைக் கட்டாயம் செய்யுங்கள். நீங்கள் 50,000 டாலர் கேட்டு அவர்கள் 10,000 மட்டும் கொடுத்தால், அந்தப் பதிலே ஒரு அறிக்கைதான். "வேறு பார்ட்டிக்கு முழுசா குடுத்தாங்களே" என்று சண்டைக்குப் போக வேண்டாம்.

கணக்கைவிட முன்னால் பேசுவது நடத்தை. வங்கி உத்தரவாதமுள்ள எல்.சி.யில் இருந்தவர், கடனுக்குக் காகிதம் விடும் டி.ஏ. கேட்பார், 60 நாள் 90 ஆகும். பணம் வேறு பெயரில் உள்ள கம்பெனியிலிருந்து வரும். இத்தனை வருடம் குறை சொல்லாத பையர் சரக்கு இறங்கிய பிறகு "காலர் அளவில் கால் இஞ்ச் வித்தியாசம், 12 சதவீதம் தள்ளுங்கள்" என்று எழுதுவார். சாம்பிள் மட்டும் வாராவாரம் கேட்டுக்கொண்டே இருப்பார், பல்க் ஆர்டர் வராது. ஒன்று மட்டும் என்றால் தற்செயல் என்று விடலாம். இரண்டு சேர்ந்தால் அடுத்த ஷிப்மென்டைப் பணம் வரும் வரை நிறுத்துங்கள். இதை முகத்துக்கு நேராகச் சொல்ல நம்மவர்களுக்குக் கூச்சம். பையிங் ஹவுஸ் மூலம் சொல்லிவிடலாம், கமிஷன் வாங்குவது இதற்கும்தான்.

ஒரு கணக்கு

6,000 போலோ, எஃப்.ஓ.பி. 6 டாலர் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 36,000 டாலர். டாலர் 85 ரூபாய் என்றால் 30.6 லட்சம். எல்லாச் செலவும் போக 5 சதவீதம் நிற்கிறது என்றால் 1.53 லட்சம். பையர் ஓடிவிட்டால் இழந்த 30.6 லட்சத்தை ஈடுகட்ட இதே அளவில் இன்னும் 20 ஆர்டர் முடிக்க வேண்டும். சிறிய யூனிட்டுக்கு அது இரண்டு வருட வேலை. 2025 ஆகஸ்ட் 27-ல் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது, பையர்கள் கேட்ட தள்ளுபடியைக் கொடுத்த பலருக்கு அந்த 5 சதவீதமே மிஞ்சவில்லை.

கோல்ஃப் சரக்கில் இன்னொரு கண்ணி உண்டு. சாதாரண காட்டன் டி-சர்ட் ரத்தானால் திருப்பூர் காதர்பேட்டையில் ஸ்டாக்லாட்டாகத் தள்ளிவிடலாம், நஷ்டத்தோடாவது பணம் வரும். கோல்ஃப் போலோவின் நெஞ்சில் கிளப் லோகோ எம்பிராய்டரி இருக்கும். பிரித்தால் ஊசித் துளை தெரியும், பிரிக்காமல் விற்றால் பிராண்டுக்காரர் வழக்குப் போடுவார். துணியும் பெரும்பாலும் பாலியஸ்டர் ஸ்பான்டெக்ஸ். காட்டனுக்கென்று அமைந்த சாயப்பட்டறையில் அது ஓடாது, 130 டிகிரி வெப்பத்தில் சாயமேற்றும் மெஷின் வேண்டும். அதற்காக வெளியூரிலிருந்து வாங்கிய துணி மிஞ்சினால் உள்ளூரில் கேட்க ஆள் இல்லை.

ஆகவே லோகோ வேலையைக் கடைசியில் வையுங்கள். முடிந்தால் எம்பிராய்டரிக்கு முன் 30 சதவீதம் முன்பணம் கேளுங்கள். ஆர்டர் ரத்தானால் லேபிளை வெட்டிவிட்டு உள்நாட்டில் விற்க அனுமதி உண்டு என்ற ஒரு வரியைப் பி.ஓ.விலேயே எழுதி வாங்குங்கள். கேட்டால் பெரும்பாலும் கொடுப்பார்கள். ஆர்டர் கிடைத்த சந்தோஷத்தில் நாம்தான் கேட்பதில்லை.

காப்பீடு எதை மூடும், எதை மூடாது

1957-ல் தொடங்கப்பட்ட மத்திய அரசு நிறுவனம் இ.சி.ஜி.சி. திருப்பூரில் கிளை இருக்கிறது. பையர் திவாலானாலும், சரக்கை ஏற்றுக்கொண்டு பணம் தராமல் இழுத்தடித்தாலும், பாலிசிக்கு ஏற்ப நஷ்டத்தின் பெரும்பகுதியைத் தரும். நம்மவர்கள் க்ளெய்ம் தோற்பது பிரீமியம் கட்டாததால் அல்ல, காகிதம் போடாததால். அனுப்பிய சரக்குக்குப் பாலிசி சொல்லும் காலத்தில் டிக்ளரேஷன் போட வேண்டும், தவணை தாண்டிய பில்லை உரிய நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். "பையர் நல்லவர், தெரிவித்தால் கோபித்துக்கொள்வார்" என்று ஆறு மாதம் பொத்தி வைத்தவருக்கு இழப்பீடு கிடைப்பது கஷ்டம்.

பலருக்குத் தெரியாத இரண்டு ஓட்டைகள் உண்டு. சாதாரண ஷிப்மென்ட் பாலிசி சரக்குக் கப்பலேறிய பிறகுதான் வேலை செய்யும். தைத்துப் பெட்டி கட்டிய பிறகு, கப்பலேறும் முன் ஆர்டர் ரத்தானால் அதில் வராது. தரத்தில் தகராறு என்று பையர் எழுதிவிட்டாலும், அது தீரும் வரை க்ளெய்ம் நகராது. அந்தக் காலர் அளவு மின்னஞ்சலுக்கு அன்றே, இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட்டோடு பதில் போட வேண்டியது இதனால்தான்.

ஏற்றுமதிப் பணம் வராவிட்டால், சுங்கத் துறை திருப்பித் தந்த வரியான டிராபேக்கையும் திருப்பிக் கேட்பார்கள். பையர் ஒரு பக்கம் அடித்தால் சுங்கத் துறை மறுபக்கம் வரும். வங்கி மூலம் காலநீட்டிப்புக்கு முன்கூட்டியே எழுதிவையுங்கள்.

செய்தி வந்த நாளில்

திவால் செய்தி பெரும்பாலும் வாட்ஸ்அப்பில்தான் வரும். அன்று முதல் வேலை, சரக்கு எங்கே இருக்கிறது என்று பார்ப்பது.

தூத்துக்குடியிலோ கப்பலிலோ இருந்தால் நீங்கள் பாக்கியசாலி. பையர் திவாலானால் வழியில் உள்ள சரக்கை நிறுத்தும் உரிமை விற்றவருக்கு உண்டு. ஃபார்வர்டருக்கும் கப்பல் கம்பெனிக்கும் அன்றே எழுத்தில் கொடுங்கள். ஒரிஜினல் பில் ஆஃப் லேடிங் உங்கள் வங்கியில் இருந்தால் வேலை சுலபம், ஒரிஜினல் இல்லாமலே சரக்கை விடச் சொல்லும் டெலக்ஸ் ரிலீஸ் கொடுத்துவிட்டிருந்தால் கஷ்டம். விமானத்தில் அனுப்பியவர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஏர்வே பில் உரிமை ஆவணம் அல்ல, அதில் யார் பெயர் இருக்கிறதோ அவர் காகிதம் இல்லாமலே சரக்கை எடுத்துப் போய்விடலாம். புது பையருக்கு விமானச் சரக்கு என்றால் அவர் வங்கியின் பெயரில், அந்த வங்கியின் முன்சம்மதத்தோடு அனுப்புங்கள்.

சரக்கு பையர் கைக்குப் போய்விட்டது என்றால் தேதியைப் பாருங்கள். அமெரிக்கத் திவால் சட்டத்தில், மனு போட்ட நாளுக்கு முந்தைய 20 நாளுக்குள் பையர் பெற்ற சரக்கின் மதிப்புக்குத் தனி முன்னுரிமை உண்டு. மற்ற சப்ளையர் கடனுக்கு டாலருக்குச் சில சென்ட் கிடைத்தாலே பெரிது, இந்த வகைக்கு முழுத் தொகையும் கிடைக்க வாய்ப்பு அதிகம். "பெற்ற" நாள் என்பது சரக்கு இங்கே கப்பலேறிய நாளா, அங்கே கையில் வாங்கிய நாளா என்று ஒரு வழக்கே நடந்தது. வேர்ல்ட் இம்போர்ட்ஸ் என்ற இறக்குமதி நிறுவனம் திவாலானபோது அதற்குச் சரக்கு அனுப்பிய சீன நிறுவனங்கள் வாதாடின. 2017-ல் பிலடெல்பியாவில் உள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது: பையரோ அவர் ஆளோ கையில் வாங்கிய நாள்தான் கணக்கு, எஃப்.ஓ.பி. நாள் அல்ல. பெரிய கடைகளின் திவால் வழக்குகள் அதிகம் நடக்கும் டெலவேர் மாநிலம் அந்த நீதிமன்றத்தின் எல்லைக்குள் வருகிறது. கடல் பயணமே ஒரு மாதத்துக்கு மேல் எடுக்கும் நமக்கு இந்தத் தீர்ப்பு பெரிய உபகாரம். டெலிவரி ஆன தேதிக்கான ஆதாரத்தை ஃபார்வர்டரிடம் எழுத்தில் வாங்கி வையுங்கள்.

நீதிமன்றம் நியமித்த முகவரிடமிருந்து தபாலில் ஒரு கட்டு காகிதம் வரும். அதில் க்ளெய்ம் போடக் கடைசித் தேதி இருக்கும், தாண்டினால் கதவு மூடிவிடும். சில மாதம் கழித்து இன்னொரு கடிதம் வரலாம்: திவாலுக்கு முந்தைய 90 நாளில் உங்களுக்கு வந்த பணத்தைத் திருப்பிக் கொடு என்று. அலற வேண்டாம், உடனே சம்மதிக்கவும் வேண்டாம். வழக்கமான தவணையில் வழக்கம்போல வந்த பணத்துக்குச் சட்டத்தில் தற்காப்பு உண்டு.

நம்பிக்கையின் பேரில், விற்றால் மட்டும் பணம் என்று சரக்கு வைக்கும் யோசனையைப் பையர் சொன்னால் மறுத்துவிடுங்கள். 2016 மார்ச்சில் ஸ்போர்ட்ஸ் அத்தாரிட்டி என்ற அமெரிக்க விளையாட்டுப் பொருள் சங்கிலி திவாலானபோது அப்படி வைத்த சுமார் 160 சப்ளையர்கள் மேல் அந்தக் கம்பெனியே வழக்குப் போட்டது. ஏறத்தாழ 8.5 கோடி டாலர் சரக்கு யாருடையது என்பது பிரச்சினை. தன் சரக்கு என்று அங்கே முறைப்படி பதிவு செய்து வைக்காதவர்களின் வாதம் பலவீனப்பட்டது. அமெரிக்காவிலேயே இருக்கும் சப்ளையர்கள் தடுமாறிய இடம் அது.

தைத்துக் கொடுப்பவருக்கு

"அண்ணா, மூணு வாரமா பில் நிக்குதுங்க. சனிக்கிழமை சம்பளம் போடோணும்."
"பையர் பணம் போடலீங்க தம்பி. வந்ததும் மொத உங்களுக்குத்தான்."

இந்தப் பேச்சு மங்கலத்தில் யாருக்கும் புதிதல்ல. விசைத்தறிக்காரர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். கூலி உயர்வு கேட்டு 2025 மார்ச், ஏப்ரலில் கோவை, திருப்பூர் மாவட்டத் தறிகள் நின்றதை எல்லோரும் பார்த்தோம். ஜாப் ஒர்க்காரருக்கு இ.சி.ஜி.சி. கிடையாது, கோல்ஃப் கடையின் பெயர்கூடத் தெரியாது. ஆனால் கடை மூடினால் முதலில் நிற்பது அவர் பில்தான்.

சட்டம் தெளிவாக இருக்கிறது. உத்யம் பதிவு செய்த குறு, சிறு நிறுவனத்துக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், இல்லாவிட்டால் 15 நாளில் பணம் தர வேண்டும். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டி விகிதத்தைப் போல மும்மடங்கு கூட்டு வட்டி. 2024 ஏப்ரல் முதல் இன்னொரு பிடியும் உண்டு: அந்தக் கெடுவுக்குள் தராத பில்லை, பணம் கொடுக்கும் வருடம் வரை வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது. பையர் பணம் தரவில்லை என்பது சட்டத்தின் முன் சாக்கு அல்ல.

நடைமுறை வேறு. தனக்கு அடுத்த ஆர்டர் தருகிற ஏற்றுமதியாளர் மேல் நிலுவைப் பணத்துக்கான அரசுத் தளத்தில் புகார் கொடுக்க எத்தனை பேர் துணிவார்கள்? கொடுத்தவர்கள் பெரும்பாலும் உறவை முறித்துக்கொள்ள முடிவெடுத்தவர்கள். ஆகவே புகாரை நம்பி உட்காராமல் நிலுவைக்கு ஒரு எல்லை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரச் சம்பளத் தொகைக்கு மேல் எந்த ஒரு கம்பெனியிடமும் பாக்கி நிற்கக் கூடாது. அதைத் தொட்டால் தைத்த பீஸ் செக்கிங் டேபிளிலேயே இருக்கட்டும். சரக்கு கையில் இருக்கும் வரைதான் நம் பேச்சுக்கு மதிப்பு. உறவு கெடும் என்பார்கள், கெடட்டும். சனிக்கிழமை சம்பளம் போட முடியாத யூனிட்டுக்குத் திங்கட்கிழமை டெய்லர் வரமாட்டார்.

நேரடி ஏற்றுமதியாளர்களே, இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். கையில் உள்ள பி.ஓ.க்களை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் பின்னால் பையரின் கடைசி மூன்று பணம் எத்தனை நாளில் வந்தது என்று பென்சிலில் எழுதுங்கள். நாள் கூடிக்கொண்டே போகும் பையர் ஒருவர் இருந்தால், அவருடைய அடுத்த சரக்குக்குத் துணி வாங்கும் முன் இ.சி.ஜி.சி. கிளைக்கு ஒரு நடை போய்விட்டு வாருங்கள்.